படம் அனுப்பினால் ஒரு பெட்டி இலவசம்

மலேசியாவின் கரங்கான் ஊர்க் கிளினிக்கில் மாலை வெயில் கட்டில்வரை நீண்டு கிடக்கிறது. வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி கடக்க, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கட்டிலில் நான்கு வயது ரூபினி அசையவில்லை. அவள் உதட்டோரம் சாக்லேட் காய்ந்திருக்கிறது. அவள் சாப்பிட்ட பிரவுனி கேக்கின் பெட்டியை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இளஞ்சிவப்பு ரிப்பனும் இதய ஸ்டிக்கரும் இருக்கின்றன. பெயரோ விலாசமோ இல்லை. "ஆம்புலன்ஸ் வருதுக்கா. அதுக்குள்ள இதுல என்ன கலந்தாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க." தாய் காஞ்சனா, அதை வாங்கிய பேஸ்புக் பக்கத்தில் எழுதுகிறாள்: "சிஸ், பிள்ளை எழும்ப மாட்டேங்குது. என்ன போட்டீங்க, சொல்லுங்க லா." விற்பவள் அதை உடனே அழித்துவிடுகிறாள். காஞ்சனா மறுபடி எழுதுகிறாள். அதுவும் மறைகிறது. பக்கத்தின் உச்சியில் ரூபினி வாய் நிறையப் பிரவுனியோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை சாப்பிடும் படம் அனுப்பினால் அடுத்த பெட்டி இலவசம் என்றார்களே என்று, மதியம் காஞ்சனாவே அனுப்பிய படம் அது. அதன் கீழே புதிதாக ஒருத்தி எழுதுகிறாள்: "பாப்பா எவ்ளோ ஆசையா சாப்பிடுது. என் பிள்ளைக்கும் ரெண்டு பெட்டி, சிஸ்." அது மட்டும் அழியாமல் நிற்கிறது.