வம்புக்கு ஒரு பட்டன்

“ஐயோ, மருந்துக்காரி செத்தா! பிரிஸில்லா, நீ எங்க போய்க் கிடக்குற?” என்று பிபின் கத்தினான்.

பிரிஸில்லா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். அவளுடைய போர்வீரன் குகை மூலையில் ஒரு பூதத்தை விடாமல் வெட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் இன்னொரு பூதம், பக்கத்து சீட்டிலிருந்து ஆடிய பிஜியின் மருந்துக்காரியை அடித்துப் போட்டிருந்தது.

“நான் ஒண்ணக் கொன்னேன்ல அண்ணா?”

“கொன்னு என்ன காரியம்? காயத்துக்கு மருந்து போட ஆளில்லாம இப்ப நம்ம மூணு பேரும் போச்சு.”

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். ரெண்டு மணிக்கு அரை மணி நேரம் இடைவேளை. பத்து நிமிஷம் சோறு, இருபது நிமிஷம் பூதம்.

இன்று பிரிஸில்லாவுக்கு மனசு பூதத்தில் இல்லை. அவளுடைய ஆறு மாத ட்ரெயினிங் இன்றோடு முடிகிறது. நிரந்தரமாகிறவர்களின் லிஸ்ட் ரெண்டரைக்கு எர்ணாகுளம் ஆபீஸுக்கு ஃபேக்ஸில் போகும். மூணு மெமோ வாங்கினவர்களுக்கு அதில் இடம் கிடையாது. அவள் ஏற்கெனவே ரெண்டு வாங்கிவிட்டாள்.

காலையில் யாரோ ஒரு நோயாளியின் வலது காலை இடது கால் என்று அடித்துவைத்துவிட்டாள். திருத்துகிறவர்கள் கண்டுபிடித்து அங்கேயே சரி பண்ணிவிட்டார்கள். ஆனாலும் விஷயம் மேனேஜர் கோலப்பன் காதுக்குப் போய்விட்டது.

“சார் மறந்திருப்பாரா அண்ணா?”

“அவரா? மெமோ எழுதாம அவருக்குச் சோறு இறங்காது. எழுதிக் கிழிச்சுட்டா பின்ன பச்சைப்பிள்ளை. எதுக்குக் கோபப்பட்டோம்னே ஓர்மை இருக்காது.”

மூலை மேஜையில் சரோஜம் அக்கா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆபீஸிலேயே மூத்தவள். வாய் என்றால் அப்படியொரு வாய். ஃபேன் ஓடினால் ஏன் ஓடுது, நின்றால் ஏன் நிக்குது! பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. அவளுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். அவளுக்கு இன்னும் அதே நாற்காலிதான்.

“இன்னைக்கு ஒரு நாள் அந்த அக்கா வாயத் திறக்காம இருந்தா கொள்ளாம். சாருக்க மூடு கெட்டா எனக்க கதை முடிஞ்சுது” என்று பிரிஸில்லா முணுமுணுத்தாள்.

பிபின் மூலை மேஜையை ஒரு பார்வை பார்த்தான். “நீ முதல்ல கேமை ஒழுங்கா ஆடு. போர்வீரனுக்குக் கேடயம் எதுக்குத் தந்திருக்கு? வெட்டுறதுக்கு யாராலயும் முடியும். பூதம் மருந்துக்காரி பக்கம் திரும்பினா நீ இந்தப் பட்டன அமுக்கணும்.”

“இது என்னது?”

“வம்புக்கு இழுக்கிற பட்டன். உனக்க ஆளு நாலு வார்த்தை ஏசுவான். பூதம் மத்தவங்கள விட்டுட்டு இவன அடிக்க வரும். இவன் அத்தனையும் வாங்கிட்டு அசையாம நிக்கணும். போர்வீரனுக்க ஜோலி அதுதான் கேட்டியா.”

மறுபடி ஆடினார்கள். பூதம் பிஜியின் பக்கம் திரும்பியது. பிரிஸில்லா பட்டனை அமுக்கினாள். பூதம் உறுமிக்கொண்டு அவளிடம் ஓடி வந்தது. அடி மேல் அடி. பிஜி மருந்து போட, பிபின் தூர நின்று மந்திரத்தை ஏவ, பூதம் சாய்ந்தது.

“ஜெயிச்சாச்சு!” பிஜி நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். கவலையெல்லாம் மறந்து பிரிஸில்லாவும் சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் கோலப்பனின் அறைக்கதவு திறந்தது. ஒரு கையில் மெமோ புத்தகம், இன்னொரு கையில் மூடி கழற்றிய பேனா.

“பிரிஸில்லா! எழும்பு!”

எழுந்தாள். கையிலிருந்த சிப்ஸை மேஜையில் வைத்தாள்.

“சாரே! இந்த டீயை மனுஷன் குடிப்பானா?” மூலையிலிருந்து சரோஜம் அக்காவின் குரல்.

“பொறவு பேசலாம் சரோஜம்” என்று திரும்பாமலே சொன்னார் கோலப்பன்.

“எப்பவும் பொறவுதான். உங்க ரூமுக்கு மட்டும் கடை டீ. எங்களுக்குக் கழனித்தண்ணியா?”

கோலப்பன் நின்றார். திரும்பினார். “யாருகிட்ட பேசுதோம்னு நிதானம் இருக்கா?”

“இருக்கு. வாயப் பொத்திட்டு நிக்கதுக்கு வேற ஆளப் பாருங்க!”

அவ்வளவுதான். கோலப்பன் மூலை மேஜைக்குப் பாய்ந்தார். அவர் ஒன்று சொன்னால் அக்கா மூன்று சொன்னாள். ‘ஏசுவே, இந்த அம்மாவுக்கு இன்னைக்குத்தானா டீ ருசி தெரியணும்!’ பிரிஸில்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் கோலப்பன் மெமோ புத்தகத்தை அதே மேஜையில் வைத்து எழுதினார். மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு. டர்ரென்று கிழித்தார். அக்கா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

கோலப்பன் பெருமூச்சு விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். “அடடே, ரெண்டரை ஆயிட்டே! பிஜி, லிஸ்ட்டை ஃபேக்ஸ்ல விடும்மா” என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

ஃபேக்ஸ் மிஷின் பக்கத்திலிருந்து பிஜி கூவினாள். “பிரிஸில்லா, உனக்க பேரு இருக்கு! நாலாவது வரி!”

பிரிஸில்லாவுக்கு நம்பவே முடியவில்லை. மூலை மேஜையைப் பார்த்தாள். கழனித்தண்ணி என்று ஏசின டீயை அக்கா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்திருந்தாள். காலி கிளாஸுக்கு அடியில் அந்த மெமோ கிடந்தது.

“என்ன பாக்குற?” என்று அதட்டினாள் சரோஜம் அக்கா. “வலது காலா, இடது காலான்னு இனியாவது ஒழுங்கா கேட்டு அடி!”

பிரிஸில்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு தன் சிப்ஸைக் கொண்டுபோய் அக்காவின் மேஜையில் வைத்துவிட்டு, பிபினிடம் ஓடி வந்தாள்.

“அண்ணா! நாம ஆடுறதப் பாத்துப் பாத்து, அக்கா இந்த வித்தைய நல்லா படிச்சு வச்சிருக்காங்க!”

“போ பிள்ளே!” பிபின் சிரித்தான். “ரெண்டு வருஷம் முன்ன எனக்கு மூணாவது மெமோ வர இருந்த அன்னைக்கு, அக்கா ஃபேனுக்குச் சண்டை பிடிச்சாங்க. கேம்ல அந்தப் பட்டன் எதுக்கு இருக்குன்னு எனக்குப் புரிஞ்சதே அதுக்குப் பொறவுதான்.”