கொய்யாப் பதியம்

இசைவாணி திருடியது ஒரு கொய்யாக் குச்சியை. முழங்கை நீளம்கூட இருக்காது. 

கொய்யாக் குச்சிதானே என்று லேசாகச் சொல்லிவிடாதீர்கள். குமராட்சிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ வேளாண் பிரிவுக்கு அன்றைக்குச் செய்முறைத் தேர்வு. சிதம்பரத்தில் பி.எஸ்சி. அக்ரி சேர வேண்டும் என்று இரண்டு வருஷமாக உருப்போட்டுக்கொண்டிருப்பவள் இசைவாணி. இடம் கொஞ்சம், போட்டி ஜாஸ்தி. ஒரு மார்க் நழுவினால் அம்மாவோடு நாற்று நடப் போக வேண்டியதுதான்.

டிசம்பரில் பள்ளித் தோட்டத்துக் கொய்யா மரத்தில் ஆளுக்கொரு கிளையில் பதியம் போட்டிருந்தார்கள். விரலகலத்துக்குப் பட்டையை உரித்து, வழவழப்பு போகச் சுரண்டி, ஈரமான தேங்காய் நார்த் தூளை அப்பி, கறுப்பு பாலிதீனைச் சுற்றிக் கட்ட வேண்டும். உள்ளே வேர் விட்டதா இல்லையா என்பது கட்டினவருக்கே தெரியாது. முதல் நாள் மதியம் இளவரசு சார் பன்னிரண்டு கிளைகளையும் வெட்டி, ஒவ்வொன்றிலும் பேர் அட்டை கட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். இசைவாணியும் மேரி ஷாலினியும்தான் லேபுக்குத் தூக்கிப் போனார்கள். மினி பஸ்ஸைப் பிடிக்க இசைவாணி ஓடிவிட்டாள். லேபைக் கூட்டிப் பூட்டிவிட்டு வந்தது ஷாலினி.

தேர்வன்று காலை ஏழரைக்கெல்லாம் இசைவாணி வந்து, வாட்ச்மேனிடம் சாவி வாங்கி லேபைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தெளிக்கத்தான் வந்தாள், அதில் பொய்யில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. தன் பேர் தொங்கிய பதியத்தின் கீழ்முடிச்சை அவிழ்த்து விரலை விட்டுப் பார்த்தாள்.

வேரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உரித்த இடத்தைப் பட்டை திரும்ப மூடிக்கொண்டிருந்தது. 

பக்கத்திலேயே ஷாலினியுடையது. அமுக்கிப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது. அவிழ்த்தாள். சேமியா மாதிரி வெள்ளை வெளேரென்று வேர்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். ஒருத்தி டிபன் பாக்ஸில் மீன் வறுவல் இருந்தால் இன்னொருத்திக்குத்தான் பெரிய துண்டு. இதெல்லாம் இசைவாணிக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. வந்தும் பாழாய்ப்போன கை நிற்கவில்லை. பாலிதீனை முன்போலவே முடிந்து, இரண்டு அட்டைகளையும் அவிழ்த்து மாற்றிக் கட்டிவிட்டாள். முடிச்சு இறுகவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

"யாரு, இசைவாணியா? இந்நேரத்துக்கு என்னா பண்ற?" இளவரசு சார்.

"தண்ணி தெளிக்கறேன் சார்."

"பாரு, இதான் பொறுப்பு. மத்ததுங்க இன்னும் எழுந்தே இருக்காது."

அவர் நாலு அறை அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பத்து மணிக்கு வெளித்தேர்வாளர் ரேகா மேடம் வந்தார். நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர், சிரித்துப் பார்த்தவர் யாரும் கிடையாது. ஒவ்வொரு பதியமாகக் கத்தியால் கீறிப் பிரித்தார். ஷாலினியின் முறை வந்தது.

"என்னாம்மா இது? பட்டையச் சுரண்டவே இல்லியே. மூணு மாசமா மரத்துல பிளாஸ்டிக்க கட்டி அழகு பார்த்தியா?"

ஷாலினி குச்சியைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், இசைவாணியைப் பார்த்தாள். இசைவாணி தரையைப் பார்த்தாள்.

அடுத்தது இசைவாணியின் பேர். பிரித்ததும் மேடம் முகமே மாறியது. "வேரப் பாருங்க சார். கைன்னா இது கை. இந்தப் பொண்ணுக்கு முழு மார்க் போடுங்க."

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஷாலினியும் சாப்பிடவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது இசைவாணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஷாலு, உன் பதியத்த நான்தான்டி திருடிட்டேன். காலைல வந்து அட்டைய மாத்திக் கட்டிட்டேன்."

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. ஷாலினி வெளிறிப்போய் நின்றாள்.

"சரி விடுடி," என்றாள் மெதுவாக. "ஆனது ஆச்சு."

இப்படியும் ஒரு மனசா என்று இசைவாணிக்கு அழுகையே வந்துவிட்டது. "விடறதாவது? மேடம் இன்னும் கெளம்பல. போய்ச் சொல்லிடறேன். உன் மார்க்கு உனக்கு வந்தாவணும்."

"வேணாம்டி. உன் அக்ரி சீட் என்னாவறது?"

"அடுத்தவ கிளைய வெச்சு எனக்கு எதுக்குடி சீட்டு? மரத்துல வெட்டின எடத்தோட வெச்சுப் பார்த்தா எது யாரோட கிளைன்னு இளவரசு சாரே சொல்லிடுவாரு."

அவ்வளவுதான், திரும்பி விறுவிறுவென்று பள்ளியைப் பார்த்து நடந்தாள். ஷாலினி பின்னாலேயே ஓடிவந்து, கேட்டுக்குப் பத்தடி முன்னால் அவள் பையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.

"மாதா மேல சத்தியமாச் சொல்றேன், உள்ள போவாதடி. நேத்து லேபக் கூட்டறப்போ நான் மாத்திக் கட்டின அட்டையத்தான், நீ இன்னிக்குக் காலைல திரும்ப மாத்தியிருக்க."