எட்டு சிலிண்டர் மஸ்டாங்

லண்டன் இல்ஃபோர்டில் தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்த பரமேஸ்வரன், வாசலில் பொனட் திறந்து நின்ற மஸ்டாங் காரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"உங்கட வீட்டுப் பொம்பிளைதான் எஞ்சின் கழட்டிப் பூட்டுறாவாம். உண்மையோ?"

"ஓம் அங்கிள்," என்றாள் மணப்பெண் சிவமலர். "அறுபத்தேழாம் ஆண்டுக் கார். அமெரிக்காவிலை இருந்து ஆறு சிலிண்டரோடை வந்தது. இப்ப எட்டு சிலிண்டர் பூட்டியாச்சு."

"கலியாணத்துக்குப் பிறகு இந்த வேலையை விடவேணும்."

"விடத் தேவையில்லை."

"அப்ப இந்தச் சம்பந்தம் சரிவராது, பிள்ளை."

"சந்தோசம். ஆனா எனக்கு ஸ்பானர் பிடிக்கவே தெரியாது அங்கிள்."

காருக்கு அடியிலிருந்து கிரீஸ் கையோடு எழுந்தாள் அவளுடைய அம்மா தவநாயகி.

"எனக்குக் கலியாணமாகி இருபத்தைஞ்சு வருசம். என்ரை மனுசனே விடச் சொல்லேல்லை. நீங்கள் ஆர் சொல்ல?"