இருக்கட்டும் மாப்பிள்ளை

“வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தேவையே இல்ல மாமா” என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். 

கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. மாமனார் வீட்டில் எதையாவது சரிசெய்து நல்ல பேர் வாங்கிவிடத் துடிக்கிற பருவம். போன தடவை குழாயைச் சரிசெய்தார். அவர் சரிசெய்ததைச் சரிசெய்ய ஒரு பிளம்பர் வர வேண்டியதாயிற்று.

இந்தத் தடவை கம்ப்யூட்டர்.

ஆன்டிவைரஸின் வருடச் சந்தா இன்றோடு முடிகிறது என்று திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பெட்டி எச்சரித்துக்கொண்டிருந்தது.

“கம்ப்யூட்டரோடவே ஒரு பாதுகாப்பு வருது, அதுவே போதும். ஒரு வாசலுக்கு எதுக்கு ரெண்டு வாட்ச்மேன்? ரெண்டு பேரும் உக்காந்து கதை பேசிட்டிருப்பாங்க.”

“இருக்கட்டும் மாப்பிள்ளை” என்றார் அப்பா.

என் வீட்டுக்காரர் சொன்னதில் தப்பே கிடையாது. அப்பா அதில் செய்தி படிப்பார், சீட்டு ஆடுவார். முன்பின் தெரியாத எதையும் தொட மாட்டார். அந்தக் கம்ப்யூட்டரில் திருட வருகிறவன் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

ஆனால் விஷயம் வைரஸ் இல்லை.

அண்ணன் கைநிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போகிறேன் என்றான். போனால் அப்படியே போய்விடு என்றார் அப்பா. அவன் அப்படியே போய்விட்டான். அம்மா போனை நீட்டினால் அப்பாவுக்கு உடனே குளியலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் அண்ணன் அங்கிருந்தபடியே கம்ப்யூட்டருக்குள் வருவான். அதற்கான மென்பொருளை, அவன் சொல்லச் சொல்ல, நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். திரையில் அம்பு தானாக நகரும். இங்கே ஒன்று அமுக்கும், அங்கே ஒன்று அமுக்கும், சந்தாவைப் புதுப்பிக்கும்.

அப்பா மவுஸைத் தொடாமல் மடியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்த பிறகும் அம்பு கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். அப்பாவும் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு அது போய்விடும்.

எங்கள் வீட்டில் அப்பாவும் மகனும் சந்தித்துக்கொள்வது அவ்வளவுதான்.

இன்றும் அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். தனக்காகத்தான் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து, மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். எனக்கு இடம் போதவில்லையாக்கும் என்று காலை நகர்த்திக்கொண்டார்.

அப்பா எதிரில் உடைத்துச் சொல்லவும் முடியாது. இது எதற்காக என்று எங்கள் வீட்டில் யாரும் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் வீம்புக்காகவே அப்பா இதையும் நிறுத்திவிடுவார்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை” என்றார் அப்பா மறுபடியும்.

இன்னொரு கரண்டி பரிமாற வந்தாலும் நாம் அதைத்தானே சொல்வோம். மரியாதைக்கு மறுக்கிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

ஆன்டிவைரஸை நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்கு இருந்த விவரம்கூட இவருக்கு இல்லை. ஆமாம் என்று அமுக்கினார்.

சிவப்புப் பெட்டி மறைந்தது.

“நல்லது மாப்பிள்ளை” என்றார் அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது. காபி டம்ளர்களை எடுக்கிற சாக்கில் எழுந்து நின்றேன்.

அப்போது அம்பு நகர்ந்தது.

என் வீட்டுக்காரரின் இரண்டு கையும் மேசைக்கு வெளியே இருந்தன. அம்பு தன்பாட்டுக்குத் திரையில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆன்டிவைரஸ் போய் முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மனிதருக்கு முகம் வெளிறிப் போயிற்று.

“யாரோ உள்ள பூந்துட்டான்” என்று சொல்லி நெட் வயரைப் பிடுங்கிவிட்டார்.

“வயரைச் சொருகுங்க” என்றார் அப்பா.

அதில் ‘மாப்பிள்ளை’ என்ற சொல் இல்லை. இவர் வயரைச் சொருகிவிட்டு, நாற்காலியையும் காலி செய்து கொடுத்தார்.

நாங்கள் காத்திருந்தோம். வரவே மாட்டான் என்று நான் நினைத்தபோது அம்பு திரும்ப வந்தது.

நேராக வழக்கமான மூலைக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. மேலே போயிற்று, கீழே வந்தது, சாவியைத் தொலைத்தவர் சட்டைப்பையைத் தடவுகிற மாதிரி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ் விழுந்தது. அப்பாவுக்கு அப்படி எழுதினால் ஆகவே ஆகாது. இப்போது உதடு அசைய, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“ஆன்டிவைரஸ் எங்க?”

அப்பா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால், அதே ஆங்கில எழுத்தில் தட்டினார்.

“மாப்பிள்ளை எடுத்துட்டார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தேவையில்லையாம்.”

எழுத்து நின்ற இடத்தில் கோடு ஒன்று மின்னிக்கொண்டே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அவன் போய்விட்டால், அடுத்த வருஷம் வருவதற்கு அவனுக்கு ஒரு சாக்கும் கிடையாது.

கோடு நகர்ந்தது.

“தேவையில்லதான்ப்பா. அது எனக்கு எப்பவுமே தெரியும்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்.

“எனக்கும் தெரியும்டா.”