பேராசிரியரின் விரல்

எங்கள் மினசோட்டா கல்லூரி நூலகத்தில், நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த போதகரும் பேராசிரியருமான ஸ்கோர்தாலின் பழைய புகைப்படம் தொங்குகிறது. கையில் ஞானோபதேசப் புத்தகம், சபைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் கேள்வி-பதில். படித்த இடம் தவறாமலிருக்க, உள்ளே ஒரு விரல்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது விரல் புத்தகத்தின் நடுவில் இருந்தது. போன கோடையில் முக்கால்வாசி தாண்டிவிட்டது. இந்த மார்ச்சில் மிஞ்சியது நாலைந்து தாள்கள்தான்.

பக்கத்து மேசை இங்கெபோர் அக்காவிடம் காட்டினேன். சிரித்தாள்.

“அதுக்கென்னடி இப்போ? மனுஷன் நிம்மதியா படிச்சிட்டுப் போகட்டும்.”

“முடிச்சிட்டாருன்னா?”

அக்காவின் சிரிப்பு நின்றது. எங்கள் சபையில் திடப்படுத்தல் பெற்ற யாரும், அதற்கு முன் எல்லார் எதிரிலும் நடக்கும் கேள்விச் சோதனையை மறக்க முடியாது. போதகர் புத்தகத்தை மூடுவார். பிறகு பெஞ்சு வரிசையில் யாராவது ஒருவரைப் பார்ப்பார். அந்த ஆள் எழுந்து, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்று காலை விரல் வெளியே இருந்தது. இத்தனை வருடம் ஜன்னலைப் பார்த்த கண்கள் எங்கள் மேசைகளின் பக்கம் திரும்பியிருந்தன. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“யாரைடி பாக்குறாரு?”

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான், நான் எழுந்து நிற்பது எனக்கே தெரிந்தது.