புதுக்கருக்கு

"கவ்வாத்துக் கத்தியால கோயில் அலமாரிப் பூட்ட ஒடச்சி, புது மெஷின நாசமாக்கிட்டா. அதனாலதான் இவ அப்பனும் போய்ச் சேர்ந்தாரு. நீங்களே பாருங்க ஸனூஸ் நானா!"

பதுளை பஜாரில் அந்த ரிப்பேர் கடையில் நின்ற அத்தனை பேரும் சிவசக்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சொன்னவர் விஜேந்திரன், தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர். கொழுந்து எடுக்கிறவள் தன்னைக் கேட்காமல் பூட்டில் கை வைத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. நாளைக் காலை வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டில் எல்லார் முன்னாலும் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். ஊருக்கு இளைத்தவள்தானே!

மண்சரிவு வந்தால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களை எச்சரிப்பதற்கென்று வெளிநாட்டுப் புண்ணியவான் யாரோ கொடுத்த ஒலிபெருக்கி மெஷின் அது. போன வாரம் அடைமழையில் மேட்டில் வெடிப்பு விழுந்ததைச் சிவசக்திதான் முதலில் பார்த்தாள். சாவி விஜேந்திரனிடம். விஜேந்திரனோ பசறையில் கல்யாண வீட்டில். பூட்டை உடைத்து சுவிட்சைப் போட்டாள். வாயைத் திறப்பதற்குள் மெஷின் படாரென்று வெடித்துப் புகைந்தது.

அப்புறம் லயம் லயமாக ஓடிக் கதவைத் தட்டினாள். மற்ற எல்லாரும் தப்பித்தார்கள். அவள் அப்பா வீரய்யா இருந்தது அடி லயத்தில். அவளுக்கு முன்னால் மண் போய்ச் சேர்ந்துவிட்டது.

எதையோ மாற்றி அமுக்கி, என் கையாலேயே அப்பாவைக் கொன்றுவிட்டேனோ? அன்றிலிருந்து அவளை அரித்துத் தின்றது இந்த நினைப்புதான்.

கடைக்காரர் ஸனூஸ் மெஷினைக் கழற்றிப் பார்த்தார்.

"தலைவர், இது வந்து எவ்வளவு காலம்?"

"ஆறேழு வருஷம் இருக்கும். ஒரு கீறல் இருக்கா பாருங்க! கவரக்கூட பிரிக்காம வச்சிருந்தேன்."

"ஒரு நாளாவது கரண்ட் குடுத்தீங்களா?"

"எப்படிக் குடுக்கிறது? மந்திரி வந்து தெறந்து வைக்கணும்ல? புதுக்கருக்கு கலையாம இருந்தாத்தானே போட்டோவுல நல்லா இருக்கும்!"

வெடித்துப் பிளந்த சின்னக் குப்பி ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்தார் ஸனூஸ்.

"இது கெப்பாசிட்டர். இடைக்கிடை கரண்ட் போனாத்தான் நல்லா இருக்கும். வருஷக்கணக்கில சும்மா கெடந்தா உள்ளுக்குள்ளேயே கெட்டுப் போகும். பிறகு திடீர்னு கரண்ட் குடுத்தா வெடிக்கும். தங்கச்சி, நீங்க பாவிச்சதால இது பழுதாகல்ல. யாரும் பாவிக்காததாலதான் பழுதாகியிருக்கு."

"அப்ப... இடைக்கிடை போட்டுப் பார்த்திருந்தா?" என்றாள் சிவசக்தி.

"அன்னைக்குப் பேசியிருக்கும்."

சிவசக்தி வாய்விட்டு அழுதாள். பழி நீங்கிய நிம்மதி வரவில்லை. அப்பா பிழைத்திருப்பாரே என்ற நினைப்புதான் வந்தது.

விஜேந்திரன் மெஷினில் இருந்த புகைக்கறையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதுக் கெப்பாசிட்டர் போட்டதும் மெஷின் கணீரென்று பேசியது.

"தங்கச்சிக்கிட்டயே குடுங்க தலைவர். மாசத்துக்கு ஒருக்கா போட்டுப் பார்க்கட்டும்" என்றார் ஸனூஸ்.

சிவசக்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

விஜேந்திரன் மெஷினைத் தன் பக்கம் இழுத்து, மடித்துக் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் கவரைப் பக்குவமாக மாட்டினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"தப்பு என் மேலதான் நானா. போன தடவ ஒரே ஒரு பூட்டுதான் போட்டேன். மந்திரி வர்ற வரைக்கும் இனி ரெண்டு பூட்டாப் போட்டுடணும்."