தரையில் ஓட்டுகிறவன்

“இதைவிடச் சின்ன பிளேன் கிடைக்கலையா, தம்பி?” என்று கேட்டபடியே டைல்ஸ் கான்ட்ராக்டர் பைலட்டுக்குப் பக்கத்து இருக்கையில் தன் உடம்பை ஒருவழியாகத் திணித்துக்கொண்டார்.

அந்த இடத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. கவுன்டரில் எல்லோரையும் மூட்டை மாதிரி எடை போட்டுப் பார்த்து, கனமான ஆள் முன்னால் என்று அனுப்பிவிட்டார்கள். பின்னால் ஏழெட்டுப் பேர், நாலைந்து காய்கறிக் கூடைகள். அவ்வளவுதான் மொத்த விமானமும்.

காலமெல்லாம் பிறர் வீட்டுத் தரையே கதி என்று கிடந்தவர் அவர். ஸ்டூல் மேல் ஏறினாலே தலை சுற்றும். அப்படிப்பட்டவர் ஆகாயத்தில் ஏறியதற்குக் காரணம் அவருடைய ஒரே மகள். தீவில் பல் டாக்டராக இருக்கிறாள். அங்கே யாரோ ஒருவனைப் பிடித்துப்போய்விட்டதாம். நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள், உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். சம்மதமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் அவர் கிளம்பியிருந்தார். கடல் கொந்தளிப்பில் படகு நின்றுபோனதால் இந்தத் தீப்பெட்டியில் ஏறவேண்டியதாயிற்று.

வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தால் பயம் தெரியாது என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது இந்த ஒரு தடவைதான்.

பைலட் அவருக்கு ஒரு ஹெட்போனைக் கொடுத்தான். நாம் இரண்டு பேரும் பேசுவது நமக்கு மட்டும்தான் கேட்கும் என்றான். விமானம் தடதடவென்று ஓடி எழும்பியது. கான்ட்ராக்டருக்கு வயிறு மட்டும் கீழேயே தங்கிவிட்டது. உடனே பேச ஆரம்பித்தார். சிமென்ட் விலை, முட்டி வலி, மச்சினன் வாங்கிய ஓட்டைக் கார் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, மேகத்துக்குள் புகுந்தபோது மகள் விஷயத்துக்கு வந்து சேர்ந்தார்.

“கஷ்டப்பட்டுப் பல் டாக்டருக்குப் படிக்க வச்சேன், தம்பி. அவ யாரைப் பிடிச்சிருக்கா தெரியுமா? வண்டி ஓட்டுறவராம்.”

“என்ன வண்டி, சார்?” பைலட் திரும்பாமல் கேட்டான்.

“கேட்டா, நேர்ல வந்து பாருங்கப்பாங்கிறா. லாரியோ, வாடகைக் காரோ. எதுவா இருந்தா என்ன, டிரைவர் டிரைவர்தானே.”

பைலட் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கான்ட்ராக்டர் அதைக் கவனித்துவிட்டார். ஓட்டுகிறவனுக்கே இப்படி வேர்த்தால் உட்கார்ந்திருக்கிறவன் கதி என்ன? இன்ஜினில் ஏதாவது கோளாறா என்று மெதுவாகக் கேட்டார். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை என்றான் பைலட்.

அந்த நேரம் பார்த்து விமானம் குபீரென்று கீழே இறங்கியது. பின்னால் ஒரு கூடை உருண்டது. கான்ட்ராக்டர் கண்களை இறுக மூடிக்கொண்டார். முதல்முறையாகப் பேச்சு நின்றது. மகளைத் திரும்பப் பார்ப்போமா என்று நினைத்தார். போனில் அவளிடம் கத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

கொஞ்சம் காற்று, அவ்வளவுதான், நீங்கள் பேசுங்கள் என்றான் பைலட்.

பேச வேறு எதுவும் கிடைக்காமல் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். இன்னும் இல்லை என்று பதில் வந்தது.

“எப்படி ஆகும்? உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பறக்கிற வேலை. தெரிஞ்சே எந்த அப்பன் பொண்ணு குடுப்பான்? தப்பா நினைச்சுக்காதீங்க, தம்பி.”

பைலட் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தான்.

“ஆனா இங்க உக்காந்த பிறகுதான் எனக்கு ஒண்ணு புரியுது. அந்தப் பையன் எதை ஓட்டினாலும் தரையிலதானே ஓட்டுறான்? சாயங்காலமானா முழுசா வீடு வந்து சேருவான். அது போதும். சரின்னு சொல்லிடப்போறேன்.”

“நிஜமாவா, சார்?”

“என் பேச்சு ஒரே பேச்சு. வேணும்னா நீங்களே சாட்சி.”

அதற்குப் பிறகு பைலட்டுக்கு வேர்க்கவில்லை. விமானம் அலுங்காமல் குலுங்காமல் தீவில் இறங்கியது.

கால் தரையில் பட்டதும் கான்ட்ராக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலி ஓரமாக மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நேரே அவளிடம் போய்த் தலையில் கை வைத்து, உன் டிரைவர் எங்கே, கூப்பிடு, எனக்குப் பூரண சம்மதம் என்றார். அவள் திகைத்துப்போய், அவர் தோளைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள்.

“நீங்க சொல்லிட்டீங்களா?”

“நான் வாயே திறக்கல,” என்றான், அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பைலட். “மாமாவே சரின்னு சொல்லிட்டார்.”